எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எந்தக் கிழமை என்று கேளுங்கள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டிப் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சமையல் நிபுணர் இல்லை. இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். விடியற்காலையில் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும், மத்தியானம் அதே ஊரில் எங்காவது கை நனைப்பதும்தான் என் உத்தியோகமாக இருந்தது. எனக்குத் தெரிந்த சாப்பாட்டு விஷயமெல்லாம் அந்த வழியில் வந்தது.

கரையோர ஊர்களையெல்லாம் சுற்றியவர் நீங்கள். சுற்றி வளைக்காமல் கடைப் பெயர்களைச் சொன்னால் குறித்துக்கொண்டு போய்விடுவோமே? (வாசகர், திருப்பூர்)

சொல்லலாம். ஆனால் நீங்கள் போகும் நாளில் நான் சாப்பிட்ட மீன் அங்கே இருக்காது. மாஸ்டரும் இருப்பார் என்பது நிச்சயமில்லை. சம்பளத் தகராறில் மாஸ்டர் நாலு கடை தள்ளிப் போனால் குழம்பும் கூடவே போய்விடும், போர்டு மட்டும் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த போர்டைப் படம் பிடித்துப் போட்டுத்தான் பாதிப் பேர் சாப்பாட்டு ஞானி ஆகிறார்கள்.

நான் வேறு மாதிரி விலாசம் தருகிறேன். கடலூர் முதுநகர், சீர்காழிக்குக் கிழக்கே பழையாறு, நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தெற்கே தூத்துக்குடி, குளச்சல். இவையெல்லாம் மீன் இறங்கும் இடங்கள். துறைமுக வாசலில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஏலக்காரர், ஐஸ் உடைப்பவர், லோடுமேன் எல்லோரும் வேலை முடித்துப் பசியோடு எங்கே போய் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கையில் நாளெல்லாம் மீன்தான். அவர்கள் இலையில் பழைய மீனைப் போட்டுவிட்டு எந்தக் கடைக்காரரும் அந்த ஊரில் கல்லாவில் உட்கார முடியாது. அங்கே மெனு கார்டு இருக்காது. "என்ன இருக்கு?" என்றால் இரண்டு மீன் பெயர் சொல்வார்கள். பதினாலு வகை மீனும் தினமும் உண்டு என்று அச்சடித்து வைத்திருக்கும் கடையில் ஃப்ரீசர் பெரிசு என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணிக்குப் போங்கள், ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள். "மீன் தீர்ந்துபோச்சு" என்று இரண்டு மணிக்குச் சொல்லும் கடைக்கு மறுநாள் தைரியமாகப் போகலாம்.

பள்ளி விடுமுறையில், மே மாதம், குழந்தைகளோடு சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை காரில் போகிறோம். வழியெல்லாம் கடல் மீன் சாப்பிட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. (வாசகி, சேலம்)

ஆசை நியாயமானது, மாதம்தான் இடிக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாளில் துறைமுகத்துக்குப் போனால் பெயிண்ட் வாசமும் சுத்தியல் சத்தமும்தான் வரவேற்கும், மராமத்து வேலை நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் ஓட்டலில் வஞ்சிரம் வறுவல் நிற்காமல் வந்துகொண்டிருக்குமே, அது எப்படி? ஒன்று, தடைக்கு முன்பே பிடித்து உறைய வைத்தது. இல்லையென்றால் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்தது. அங்கே தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் மே மாதம் படகு ஓடும். லாரி மீன் மோசம் என்று சொல்ல வரவில்லை, ஒழுங்காக ஐஸ் போட்டு வந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டே அரபிக் கடல் மீனைக் கூடுதல் காசுக்குச் சாப்பிடுவீர்கள், அதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

தடை விசைப்படகுக்குத்தான். பைபர் படகு, நாட்டுப்படகு, கட்டுமரமெல்லாம் போய் வந்துகொண்டிருக்கும். கரைக்குப் பக்கத்திலேயே வலை போட்டு விடிந்ததும் திரும்பிவிடுவார்கள். மத்தி, நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், சங்கரா, நண்டு என்று அவர்கள் கொண்டுவருவதுதான் அந்த மாதத்தில் உண்மையான புது மீன். ஆகவே மே மாதத்தில் பெரிய துண்டு மீனை மறந்துவிட்டுச் சின்ன மீனைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு முள் பயம் என்றால் நெத்திலியை மொறுமொறுவென்று பொரிக்கச் சொன்னால் போதும், முள்ளோடு மென்றுவிடுவார்கள்.

உங்கள் பயணம் கன்னியாகுமரியில் முடிவதால் இன்னொரு யோசனை. அந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வரும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு. எனவே மே மாதம் அங்கே பெரிய படகுகள் கடலில் இருக்கும். உங்கள் கணவரின் ஆசையைக் குளச்சல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தீர்த்து வையுங்கள். வழியில் சாயல்குடி, வேம்பார் பக்கம் காலை வெயில் ஏறும் முன் பதநீர் கிடைத்தால் விடாதீர்கள். நேரம் கடந்தால் புளித்துவிடும், அப்புறம் அது வேறு சமாச்சாரம்.

மாதத்தை மாற்ற முடியும் என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை போங்கள். தடை முடிந்து படகுகள் இறங்கியதும் வரத்து நன்றாக இருக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிடும், மீன் விலை இறங்கும், நம்மைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றால் படகு போகாது. தை முதல் பங்குனி வரை மறுபடி நல்ல காலம்.

மசாலா தடவி வறுத்த துண்டு புது மீனா, பழைய மீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண் பார், செவுள் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தட்டில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. (வாசகர், மதுரை)

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், நான் சம்பளம் வாங்கியதே இதற்குத்தான்.

முதலில் முழு மீன் கேளுங்கள். சங்கரா, கிழங்கான், பாறைக்குட்டி எதுவானாலும் சரி, தலையோடு வறுத்தால் மறைக்க இடம் குறைவு. வயிற்றைப் பாருங்கள். மீன் நேரத்தோடு சுத்தம் செய்யப்படாமல் கிடந்தால் குடல் இளகி வயிற்றுச் சதை முதலில் கரையும். சுத்தம் செய்ய நேராகக் கீறிய இடம் தவிர மற்ற இடத்தில் வயிறு பிய்ந்து, விலா முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மீன் வெயிலைப் பார்த்திருக்கிறது. மத்தியிலும் நெத்திலியிலும் இது பளிச்சென்று தெரியும்.

துண்டு மீன்தான் கிடைக்கிறது என்றால் மசாலாவை நம்பாமல் நடுமுள்ளுக்குப் போங்கள். விரலால் சதையைப் பிரியுங்கள். புது மீன் முள்ளைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, இதழ் இதழாக, ஈரத்தோடு பிரியும். முள்ளை ஒட்டி ஒரு ரத்தக்கோடு ஓடும். அது அந்தக் கோட்டோடு நின்றிருந்தால் சரி. பழுப்பாகிச் சுற்றியுள்ள வெள்ளைச் சதைக்குள் பரவியிருந்தால் ரொம்ப நேரம் கிடந்த மீன். தொட்டதும் கூழாக வந்தால் கெட ஆரம்பித்தது. மரத்தூளைப் போல வறண்டு உதிர்ந்தால், உறைந்து, இளகி, மறுபடி உறைந்த மீன். அது உடம்புக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம், ஆனால் புது மீன் விலை கொடுக்க வேண்டியதில்லை.

சுறாப் புட்டு, திருக்கைக் குழம்பு கேட்டால் தட்டு மேஜைக்கு வந்ததும் முகருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினால் நகர்த்தி வையுங்கள். சுறாவுக்கும் திருக்கைக்கும் சதையிலேயே யூரியா உண்டு. நாள்பட்டால் அது அம்மோனியாவாக மாறும். பூண்டும் மிளகும் எவ்வளவு போட்டாலும் அந்த நெடி அடங்காது. புது சுறாவில் புட்டு செய்தால் எந்த நெடியும் இருக்காது, சீரகமும் கறிவேப்பிலையும்தான் மணக்கும்.

இறாலில் தலைக்கும் உடம்புக்கும் இடையே கறுத்திருந்தால் அது கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஐஸ் தாமதமாகப் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கறுப்போடு சதையும் தளர்ந்து ஓடு தானாகக் கழன்றால் வேண்டாம். நண்டைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டால் கனத்தைப் பாருங்கள். பெரிசாக இருந்து லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான்.

கடைசியாக எண்ணெய். எந்தக் கடற்கரையானாலும், வாணலியில் அடி தெரியாத அளவுக்குக் கறுத்த எண்ணெய் என்றால் நடையைக் கட்டுங்கள். வேளாங்கண்ணி போன்ற இடங்களில் மசாலா தடவிய மீனை வரிசையாக அடுக்கி வைத்துக் கூப்பிடுவார்கள். செப்டம்பர் 8 திருவிழாவை ஒட்டிக் கூட்டம் அலைமோதும்போது வறுக்கிறவருக்கு எண்ணெய் மாற்ற ஏது நேரம்? "கல்லுல போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் வறுத்தால் எண்ணெயும் புதுசாக இருக்கும், மீனின் ருசியும் தெரியும். கலர் பொடி வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

கடற்கரை ஊர் ஒன்றில் சூரை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலை வலித்தது. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். வஞ்சிரமும் நெத்திலியும் எப்போதும் எதுவும் செய்ததில்லையே? (வாசகர், கோவை)

ஒவ்வாமையா இல்லையா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அவரிடம் காட்டுங்கள். ஆனால் எங்கள் தொழிலில் இதற்குத் தனிப் பரிசோதனையே உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாவால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது உள்ளே போனால் நீங்கள் சொன்ன அறிகுறிகள்தான் வரும். சிலருக்கு நாக்கில் மிளகு கடித்த காரம் தெரியும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. பார்வைக்கும் வாசத்துக்கும் மீன் நன்றாகவே இருக்கலாம் என்பதுதான் வம்பு.

ஆகவே சூரையைத் துறைமுக ஊரில், நல்ல ஐஸ் பார்த்த மீனாகச் சாப்பிடுங்கள். தள்ளுவண்டியில் வெயிலில் அடுக்கி வைத்த சூரை வேண்டாம். மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் மாமியார் சுத்த சைவம். முட்டை வாசம் பட்டாலே எழுந்துவிடுவார். அவரை இந்தச் சாலையில் கூட்டிக்கொண்டு போக முடியுமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

தாராளமாக. கடலோரத்தை மீன்காரர்கள் மட்டும் ஆளவில்லை, பெருமாளும் சிவனும் பாதி ஊரை வைத்திருக்கிறார்கள். சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோவில், திருக்கடையூர், ராமேஸ்வரம், திருச்செந்தூர் எல்லாம் வழியிலேயே வருகின்றன. கோயிலைச் சுற்றிய தெருக்களில் சைவக் கடைக்குப் பஞ்சமே இல்லை. திருக்கடையூரில் தினமும் யாருக்காவது அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடக்கும், சாப்பாட்டுக் கடைகளும் அதற்கேற்ப இருக்கும்.

சிதம்பரத்தில் காலை இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள். கொத்தமல்லி விதையும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, கத்தரிக்காயைச் சுண்ட வதக்கிச் செய்வது. சாம்பாரில் இரண்டு கத்தரிக்காய்த் துண்டைப் போட்டுக் கொத்சு என்று தருகிறவர்களும் உண்டு, பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிரமமான பகுதி வேதாரண்யத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும். அங்கே சாப்பாட்டு நேரத்தில் பட்டுக்கோட்டைக்கோ அறந்தாங்கிக்கோ கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்விடுங்கள். இல்லையென்றால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா!

நாகூர் வாடா, கீழக்கரைத் தொதல் என்று கேள்விப்படுகிறேன். போன முறை மத்தியானம் போய் ஓட்டல் ஓட்டலாகத் தேடியும் வாடா கிடைக்கவில்லை. (வாசகர், வேலூர்)

மத்தியானம் போனால் எப்படிக் கிடைக்கும் தம்பி? வாடா சாயங்காலப் பண்டம். அரிசி மாவில் வெங்காயமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து, தட்டி, உள்ளே இறால் மசாலா வைத்து, மேலே ஒரு முழு இறாலைப் பதித்துப் பொரிப்பார்கள். மாலைத் தொழுகை நேரத்தையொட்டி வாணலி ஏறும், இருட்டுவதற்குள் தட்டு காலியாகும். நாகூர் மட்டுமல்ல, காரைக்கால், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரைக்கும் இது உண்டு. வாடாவைச் சூட்டோடு பிட்டால் உள்ளே ஆவி வரும், ஓரம் மட்டும் கடக்கென்று உடையும். ஆறிவிட்டால் கல்.

தொதல் அப்படி அவசரப்படுத்தாது. தேங்காய்ப் பால், அரிசி மாவு, கருப்பட்டி அல்லது சர்க்கரை, நெய் எல்லாம் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை மணிக்கணக்கில் கிண்டுவது. கிளறுகிறவரின் தோள்பட்டையைக் கேட்டால் தெரியும். கீழக்கரையில் கடைகளிலேயே கிடைக்கும், ஊருக்கு வாங்கிக்கொண்டு போகலாம். இலங்கையிலும் மலேசியாவிலும் இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கப்பல் போன பாதையெல்லாம் தேங்காய்ப் பாலும் போயிருக்கிறது.

இந்த ஊர்களின் பெரிய சமையல் எல்லாம் வீட்டுக்குள்தான், களறிச் சாப்பாடு எல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில்தான். யாராவது அழைத்தால் இரண்டு நாள் லீவு போட்டாவது போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் கடை அடைத்திருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் தேடாதீர்கள், நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போனால் தெருவே மணக்கும்.

மாமல்லபுரத்தில் சிங்கி இறால் (லாப்ஸ்டர்) சாப்பிட்டோம். பில்லைப் பார்த்ததும் சாப்பிட்டது இறங்கவில்லை. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், பெங்களூரு)

கடைப் பெயரையும் எழுதியிருந்தீர்கள், அது நமக்கு வேண்டாம். சிங்கிக்கு விலை எடைக்கு. உயிரோடு நிறுத்துப் போடுவார்கள், அதில் பாதிக்கு மேல் தலையும் ஓடும்தான். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கிலோ என்ன விலை, சமையல் கூலி சேர்த்தா தனியா, வரி தனியா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்களிடம்தான் பில் கூச்சமில்லாமல் வரும்.

என்னைக் கேட்டால் கோவளம், மாமல்லபுரம் பக்கம் காற்று வாங்குங்கள், சாப்பாட்டைத் தெற்கே வைத்துக்கொள்ளுங்கள். அதே காசுக்குப் பிச்சாவரம், கிள்ளை பக்கம் குடும்பத்தோடு சேற்று நண்டு சாப்பிடலாம். அலையாத்திக் காட்டு நண்டுக்குக் கொடுக்கில் இருக்கும் சதையே தனி ருசி.

தூத்துக்குடியில் ஒரு இரவும் மறுநாள் பகலும் இருப்பேன். எதைச் சாப்பிட, எதை விட? (வாசகி, சென்னை)

இரவு புரோட்டா. பேச்சே இல்லை. அந்த ஊரில் புரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்று பெயர் உண்டு. வெளியூர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள், உள்ளே போனால் கல்லும் சால்னாவும்தான். புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றச் சொல்லி, ஒரு நிமிஷம் ஊற விட்டுச் சாப்பிட வேண்டும். சால்னா தண்ணியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள், ஊறுவதற்குத்தான் அந்தப் பதம். நீங்கள் தனியாகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு மணிக்குப் போனால் குடும்பங்கள் இருக்கும், நிதானமாக உட்காரலாம்.

மறுநாள் மத்தியானம் மீன் சாப்பாடு. இங்கேதான் கிழமை பார்க்க வேண்டும். தூத்துக்குடி விசைப்படகுகள் விடியும் முன் போய் இரவில் திரும்புகிறவை. இரவில் ஏலம் போன மீன் மறுநாள் மத்தியானம் இலைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் மாதா கோயிலுக்குப் போகும் நாள், படகு கடலுக்குப் போகாது. ஆகவே திங்கள் மத்தியானம் சனிக்கிழமை மீன்தான் இருக்கும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை எந்த மத்தியானமும் நல்ல மத்தியானம். ஊளி, விளைமீன், பாறை எது சொன்னாலும் குழம்பில் கேளுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு, வடக்கே சாப்பிடும் புளிக்குழம்பைவிடக் கெட்டியாக இருக்கும்.

மக்ரூனை விட்டுவிட்டு வந்தால் ஊரில் திட்டுவார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான். மாவு கிடையாது. சின்னக் கோபுரமாகப் பிழிந்து மிதமான சூட்டில் உலர்த்தி எடுப்பார்கள். வாயில் போட்டதும் மேல்பக்கம் நொறுங்கிக் கரைந்துவிடும், முந்திரி மட்டும் பல்லில் நிற்கும். கடல் காற்றின் ஈரம் பட்டால் பிசுபிசுத்துவிடும். ஆகவே கடற்கரையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கதை பேசாதீர்கள், காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

ராமேஸ்வரத்தில் மீன் கிடைக்குமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா? (வாசகர், ஓசூர்)

கோயில் பக்கம் சைவம்தான், அங்கே கேட்காதீர்கள். பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் கிடைக்கும். 1964 புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி. அங்கே இன்றைக்கும் குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்கள் மீன் வறுத்துச் சோறும் போடுகிறார்கள். மேஜை, மின்விசிறி எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பக்கக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஆக ஏதோ ஒரு மீன் தினமும் வரும். சாயங்காலம் ஆனதும் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மத்தியானமே போய்விடுங்கள்.

சாப்பாடு கிடக்கட்டும் அம்மா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? (வாசகி, தஞ்சாவூர்)

இந்தக் கேள்வியை ஆண்கள் யாரும் அனுப்பவில்லை, கவனித்தீர்களா? துறைமுகத்துச் சின்ன மெஸ்களில் பெரும்பாலும் இருக்காது. பெரிய பெட்ரோல் பங்க்தான் ஓரளவு நம்பலாம், டீசல் போடும்போதே முடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு கேட்காதீர்கள், கேட்ட பிறகு உட்காருங்கள். ஏர்வாடி தாண்டினால் தூத்துக்குடி வரை கடைகளே குறைவு. ராமநாதபுரத்தில் அல்லது கீழக்கரையில் எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கன்னியாகுமரியில் ஓட்டல் சாப்பாடு வட இந்தியச் சுற்றுலாக்காரர்களுக்காகவே செய்ததுபோல இருந்தது. அந்த மண்ணின் சாப்பாடு எங்கே? (வாசகர், காஞ்சிபுரம்)

சூரியோதயம் பார்க்கிற இடத்தை விட்டு நாகர்கோவில் பக்கம் வாருங்கள். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மசித்து, சாளை மீன் குழம்பு ஊற்றித் தருவார்கள். சாளை என்றால் நீங்கள் சொல்லும் மத்திதான். குழம்பில் தேங்காய் தாராளம். சின்னக் கடைகளில் காலை பத்து மணிக்கே கிடைக்கும், அது அவர்களுக்கு வேலைக்கு நடுவில் சாப்பிடும் சாப்பாடு. கடைசியில் ஒரு மட்டி வாழைப்பழம். விரல் நீளம்கூட இருக்காது, வாசம் அறையை நிரப்பும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்.

வரும் வழியில் மீன் வாங்கி வீட்டுக்கு எடுத்துவர முடியுமா? ஆறு மணி நேரப் பயணம். (வாசகர், திருச்சி)

முடியும். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ், இதுதான் கணக்கு. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட. குடலை எடுத்துச் சுத்தம் செய்து வாங்குங்கள். தெர்மோகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். கட்டி ஐஸைவிட உடைத்த ஐஸ் நல்லது, மீனோடு ஒட்டி உட்காரும். உருகிய தண்ணீரில் மீன் ஊறக்கூடாது, அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீரை வடிய விடுங்கள். காரின் டிக்கியில் வைத்தால் பெட்டிக்கு அடியில் ஒரு பழைய சாக்கு. கட்டுமாவடி மார்க்கெட்டில் காலையிலேயே வாங்கிவிட்டால் மத்தியானச் சமையலுக்குத் திருச்சி வந்துவிடலாம், பெட்டியை வழியில் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் சரி.